மறுவாசிப்பில் தெரியவரும் திருப்பங்கள்: ஆசிரியர் வைத்தது எது, வாசகர் சேர்த்தது எது?

மதுரையில் கல்லூரி மாணவர்கள் சிலர், புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் விடுமுறை நாள்களில் கூடி, ஜே. கே. ரௌலிங் எழுதிய, மந்திரப் பள்ளியில் பயிலும் சிறுவனின் கதையான ஹாரி பாட்டர் தொடரின் ஏழு நூல்களையும் இரண்டாம் முறையாக வாசித்து வருகிறார்கள். முதல் வாசிப்பில் கவனிக்காமல் விட்ட குறிப்புகள் இப்போது பக்கத்துக்குப் பக்கம் தென்படுவதாகவும், அவற்றுள் எதை ஆசிரியர் தெரிந்தே வைத்தார், எதைத் தாங்களாகக் கற்பித்துக்கொள்கிறார்கள் என்பதில் தங்களுக்குள் வழக்கு முற்றிவிட்டதாகவும் எழுதி, இவற்றைப் பிரித்தறிய வழி உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். விடை சற்று நீளும். கதையின் முடிச்சுகள் அனைத்தையும் அவிழ்த்தே பேச வேண்டியிருப்பதால், தொடரை இன்னும் முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேர்ந்த கதாசிரியர் ஒரு குறிப்பைப் பெரும்பாலும் மூடி மறைப்பதில்லை. எல்லோரும் பார்க்கும் இடத்திலேயே வைத்து, அதற்கு வேறொரு வேலையைக் கொடுத்துவிடுகிறார். அந்த வாக்கியம் நகைச்சுவையாகவோ, அறையின் வருணனையாகவோ, ஒரு பாத்திரத்தின் எரிச்சலாகவோ தன் வேலையைக் குறைவின்றிச் செய்து முடித்துவிடுவதால், அதற்கு இரண்டாவது வேலை ஒன்றும் இருக்கக்கூடும் என்ற ஐயம் வாசகருக்கு எழுவதில்லை. ஆகவே ஒரு குறிப்பு ஆசிரியர் வைத்ததுதானா என்று சோதிக்க விரும்பினால், முதல் வாசிப்பில் அந்த வாக்கியம் என்ன வேலை செய்தது என்று பாருங்கள். பின்னால் வரும் நூல் அதே வாக்கியத்தைத் தேடி வந்து எடுத்துக்கொள்கிறதா என்றும் பாருங்கள். இவ்விரண்டுக்கும் விடை கிடைத்தால் பெரும்பாலான வழக்குகள் தீர்ந்துவிடும்.

இதற்கு மிகச் சிறந்த சான்று ஐந்தாம் நூலின் (2003) ஆறாம் அத்தியாயம். ஹாரியின் ஞானத்தந்தையான சிரியஸ் பிளாக்கின் பாழடைந்த பரம்பரை வீட்டை ஹாரியும் நண்பர்களும் துப்புரவு செய்கிறார்கள். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிகளிலிருந்து விபரீதமான பழம்பொருள்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. பல கால்களுடன் ஹாரியின் கைமீது ஓடி ஏறும் வெள்ளிக் கருவி ஒன்று. கேட்பவர்களையெல்லாம் தூக்கத்தில் ஆழ்த்தத் தொடங்கிய இசைப்பெட்டி ஒன்று. ஒருவராலும் திறக்க முடியாத கனமான லாக்கெட் ஒன்று. பழைய முத்திரைகள் சில. சிரியஸின் தாத்தா வாங்கிய உயர்ந்த விருது ஒன்று. கடைசிப் பொருள் வந்ததும், தாத்தா அரசுக்கு நிறையப் பொன் கொடுத்தார் என்பதே அந்த விருதின் பொருள் என்று சிரியஸ் கேலி செய்கிறார், வாசகர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். லாக்கெட்டின் இருப்பிடத்தைக் கவனியுங்கள். அதற்கு முன்னால் ஆபத்தான ஒரு நிகழ்ச்சி, பின்னால் ஒரு நகைச்சுவை. நடுவில் ஒரே வரியில் அது கடந்துபோகிறது. ஆறாம் நூலின் (2005) இறுதியில் போலி லாக்கெட் ஒன்றும் அதனுள் ஆர்.ஏ.பி. என்று கையொப்பமிட்ட கடிதமும் கிடைக்க, உண்மையான லாக்கெட்டில் ஹாரியின் பரம எதிரியான வால்டமார்ட்டின் உயிரின் ஒரு துண்டு அடைபட்டிருக்கிறது என்ற செய்தி தெரிந்த பிறகும், அந்தத் துப்புரவு நாளை நினைவுகூர்ந்த வாசகர்கள் சிலரே. ஏழாம் நூலில் (2007) ஹாரியின் தோழி ஹெர்மயனியே அதை நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

மறுவாசிப்பில் இன்னும் இரண்டு செய்திகள் புலப்படும். அதே அத்தியாயத்தில்தான் சிரியஸ் தம் குடும்ப மரம் தீட்டிய திரைச்சீலையைக் காட்டி, வால்டமார்ட்டுடன் சேர்ந்து பிறகு பின்வாங்கியதால் கொல்லப்பட்ட தம்பி ரெகுலஸைப் பற்றிச் சொல்கிறார். அந்தக் கடிதத்தை எழுதியவன் ரெகுலஸ்தான். ஆக, களவாடப்பட்ட பொருளும் களவாடியவனும் ஒரே அத்தியாயத்தில் சில பக்க இடைவெளியில் இருந்திருக்கிறார்கள். ஒருவரோடு மற்றொன்றைச் சேர்க்கும் இழை மட்டுமே அங்கே இல்லை. வீட்டு ஏவலனான கிரீச்சர் அவ்வப்போது அறைக்குள் நுழைந்து, தூக்கி எறியப்படும் பொருள்களை இடுப்புத் துணிக்குள் மறைத்து எடுத்துச் செல்ல முயல்வதும் அங்கேயே வருகிறது. முதல் வாசிப்பில் அது வெறுக்கத்தக்க ஒரு கிழவனின் குணச்சித்திரம். ஏழாம் நூலை முடித்துவிட்டுத் திரும்பினால், இறந்துபோன இளைய எசமானனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாமல் தவிக்கும் ஒருவனின் துயரமாக அதே வரி மாறிவிடுகிறது. இந்த அத்தியாயத்தை ஆசிரியர் தெரிந்தே கட்டினார் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

இரண்டாம் நூலில் (1998) வரும் அலமாரிக் கதை இதைவிட நீண்டது, ஆகவே இன்னும் சுவையானது. ஹாரி வழிதவறி, மந்திரப் பழம்பொருள்கள் விற்கும் போர்கின் அண்ட் பர்க்ஸ் என்ற கடைக்குள் போய் விழுகிறான். பள்ளியில் தனக்குப் பகையான டிராக்கோ மால்ஃபாயும் அவன் தந்தையும் உள்ளே வருவதைக் கண்டு, அங்கிருந்த பெரிய கறுப்பு அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு, கதவிடுக்கின் வழியே பார்க்கிறான். டிராக்கோ கடையைச் சுற்றிவருகிறான். மெழுகுவத்தியைச் செருகினால் பிடித்திருப்பவருக்கு மட்டும் வெளிச்சம் தரும் உலர்ந்த கை ஒன்றை வேண்டும் என்கிறான். சபிக்கப்பட்ட ஓப்பல் கழுத்தணி ஒன்றின் அருகே நின்று பார்க்கிறான். பிறகு அந்த அலமாரியின் கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டுகிறான். சரியாக அப்போது தந்தையின் பேரம் முடிந்துவிட, இருவரும் போய்விடுகிறார்கள். ஹாரி அகப்பட்டுக்கொள்வானோ என்ற பதைப்பில் வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதால், கடையில் இருந்த மூன்று பொருள்களையும் பொருளாகப் பார்ப்பதில்லை.

அதே நூலில் சற்றுத் தள்ளி, பள்ளிக் காவலாளி ஃபில்ச்சின் தண்டனையிலிருந்து ஹாரியைத் தப்பவைப்பதற்காக, குறும்புப் பேயான பீவ்ஸைக் கொண்டு ஒரு கனமான அலமாரியை மேல்தளத்தில் போட்டு உடைக்கச் செய்கிறது நிக் என்ற ஆவி. அது விலைமதிப்பற்ற மறைய வைக்கும் அலமாரி என்று ஃபில்ச் மகிழ்ச்சியோடு புலம்புவதோடு அந்தச் செய்தி முடிந்துபோகிறது. ஐந்தாம் நூலில் குறும்புக்கார மாணவர்களான வீஸ்லி இரட்டையர்கள் மாண்டேக் என்ற மாணவனை அந்த அலமாரிக்குள் தள்ளிவிட, அவன் காணாமல் போய்ப் பின்னர் கழிப்பறையில் சிக்கிய நிலையில் கிடைக்கிறான். அதுவும் சிரிப்புக்காகச் சொல்லப்பட்டதாகவே தோன்றும். ஆறாம் நூலில்தான் தெரிகிறது: பள்ளியில் உடைந்து கிடந்ததும், கடையில் ஹாரி ஒளிந்திருந்ததும் ஒரு சோடி; ஒன்றுக்குள் நுழைந்தால் மற்றொன்றிலிருந்து வெளியே வரலாம். மாண்டேக்கின் அனுபவத்தைக் கேட்டு அதை ஊகித்த டிராக்கோ, உடைந்ததைப் பழுதுபார்த்து, அதன் வழியாகப் பகைவர்களைப் பள்ளிக்குள் கொண்டுவருகிறான். இருட்டில் வழிகாட்ட அந்த உலர்ந்த கை உதவுகிறது. ஓப்பல் கழுத்தணி கேட்டி பெல் என்ற மாணவியைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுபோகிறது. 1998-ஆம் ஆண்டு நூலில் ஒரு சிறுவன் ஒரே கடையில் பார்த்து நின்ற மூன்று பொருள்களையும், ஏழு ஆண்டுகள் கழித்து வெளிவந்த நூலில் அதே சிறுவன் பயன்படுத்துகிறான்.

இங்கே நேர்மையாக ஓர் எல்லையைக் குறிப்பிட வேண்டும். முழுத் திட்டமும் முதலிலேயே ஆசிரியர் மனத்தில் இருந்தது என்று நூலைக் கொண்டு மட்டும் நிறுவ முடியாது. தாம் முன்பு எழுதிவைத்த பொருள்களைப் பின்னாளில் புரட்டிப் பார்த்து, பயன்படக்கூடியதை எடுத்துக்கொள்வதும் தொடர்கதை எழுதுபவர்களின் வழக்கமே. ஆனால் டிராக்கோவின் கை கைப்பிடியை நோக்கி நீளும் அந்த ஒரு செயல், வெறும் தற்செயலுக்குச் சற்று அதிகமான குறிப்பு என்றே நான் மதிப்பிடுகிறேன்.

ஆறாம் நூலில் இதே வகையில் ஒரு வரி இருக்கிறது. தொடரின் மிகத் துணிச்சலான வரி அதுதான் என்பேன். தன் பாடநூலை மறைக்க ஓடும் ஹாரி, உடைந்த மறைய வைக்கும் அலமாரியைத் தாண்டிச் சென்று, அந்த நூலை ஒளித்துவைத்த வேறொரு பழைய அலமாரியின்மேல் அடையாளத்துக்காக ஒரு கிழ மந்திரவாதியின் மார்பளவுச் சிலையை வைத்து, அதன் தலையில் தூசி படிந்த பொய்முடியையும் மங்கிப்போன சிறு மகுடத்தையும் சூட்டுகிறான். அந்த நூல் முழுவதும் டிராக்கோ என்ன செய்கிறான் என்று துப்பறிய முயன்றவன் விடையைக் கடந்து ஓடுகிறான். அடுத்த நூலில் தேடப்போகும், வால்டமார்ட்டின் உயிர்த்துண்டு இன்னொன்று அடைபட்ட ராவன்கிளாவின் மகுடத்தைத் தன் கையால் எடுத்துச் சிலைக்குச் சூட்டுகிறான். இரண்டும் ஒரே பத்தியில் இருக்கின்றன. வாசகரின் மனமோ, பள்ளியில் பாடம் நடத்தும் ஸ்னேப் பின்னால் வருவதற்குள் ஹாரி புத்தகத்தை மறைத்துவிட வேண்டுமே என்ற அவசரத்தில் இருக்கிறது.

பொருள்களை விட்டுப் பார்வைக்கு வருகிறேன். இத்தொடர் பெரும்பாலும் ஹாரியின் கண்களால் சொல்லப்படுவது. ஆகவே அவன் தவறாகப் புரிந்துகொண்டால் நாமும் அப்படியே புரிந்துகொள்கிறோம். முதல் நூலின் (1997) வரவேற்பு விருந்தில், தலைப்பாகை அணிந்த மற்றொரு பள்ளி ஆசிரியரான குவிரெலோடு பேசிக்கொண்டிருந்த ஸ்னேப், அந்தத் தலைப்பாகையைத் தாண்டி ஹாரியின் கண்களை நேராகப் பார்க்கிறார். அக்கணமே ஹாரியின் நெற்றித் தழும்பு வலிக்கிறது. ஸ்னேப்பின் பார்வையே காரணம் என்று ஹாரி முடிவுகட்ட, நாமும் அவனோடு அந்த நூலின் இறுதி வரை பயணம் செய்கிறோம். ஆனால் வாக்கியத்தில் தலைப்பாகை வெளிப்படையாக இருக்கிறது. குவிரெலின் பின்னந்தலை ஹாரியின் பக்கம் திரும்பியிருக்கிறது. அதற்குள்தான் வால்டமார்ட்டின் முகம். பின்னர் வீஸ்லி இரட்டையர்கள் பனிக்கட்டிப் பந்துகளை மந்திரத்தால் ஏவி, அவை அந்தத் தலைப்பாகையின் பின்புறத்தில் மோதும்படி செய்து தண்டனை பெறுகிறார்கள். யாருடைய முகத்தில் பந்து எறிந்தோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தால் அந்தக் குறும்பின் கதியே வேறாக இருந்திருக்கும்.

ஐந்தாம் நூலின் தொடக்கத்தில் வரும் பெட்டூனியாவின் சொல் இதைவிட நுட்பமானது. ஹாரியின் பெரியம்மாவான அவர், மந்திர உலகத்தின் பெயர் காதில் விழுந்தாலே முகம் சுளிப்பவர். டிமென்டர்கள் என்ற சிறைக்காவல் பிறவிகளைப் பற்றி அவருக்குத் தெரிந்திருப்பது கண்டு எல்லோரும் வியக்கும்போது, அந்தக் கேடுகெட்ட பையன் பல ஆண்டுகளுக்கு முன் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன் என்று தட்டுத்தடுமாறிச் சொல்கிறார். என் அப்பா அம்மாவைத்தான் சொல்கிறீர்கள் என்றால் பெயர் சொல்லிச் சொல்லலாமே என்று ஹாரி கோபப்படுகிறான். பெட்டூனியா அதற்கு மறுமொழி சொல்லவில்லை. ஹாரி தன் தந்தை என்று எண்ணிக்கொண்ட அந்தப் பையன் ஸ்னேப் என்பதும், சிறு வயதில் ஹாரியின் தாயான லில்லியிடம் அவர் இவற்றையெல்லாம் சொன்னபோது பெட்டூனியா ஒட்டுக்கேட்டார் என்பதும் ஏழாம் நூலில்தான் வெளியாகின்றன. முழுத் தொடரின் மையமான மறைபொருள், ஸ்னேப்பும் லில்லியும் சிறுவயதுத் தோழர்கள் என்ற செய்தி, ஐந்தாம் நூலின் இரண்டாம் அத்தியாயத்திலேயே உரக்கச் சொல்லப்பட்டுவிட்டது. அதை நம் கண்ணிலிருந்து மறைத்தவன் ஹாரி. அதுவும் தன் பெற்றோர்மேல் வைத்த அன்பினால் எழுந்த கோபத்தால். ஒரு பாத்திரத்தின் இயல்பான குணத்தையே திரையாகப் பயன்படுத்துவது எளிதில் கைகூடும் திறமை அன்று.

நகைச்சுவையின் துணையோடு வைக்கப்பட்டவற்றுள் மூன்றாம் நூலின் (1999) எலியை மிஞ்சுவது எதுவுமில்லை. ஹாரியின் நண்பன் ரானின் எலி ஸ்கேபர்ஸ் இளைத்துப் போய்விட்டது. எகிப்துப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். பிறகு ஹெர்மயனியின் பூனைமேல் பழி விழுகிறது. உண்மைக் காரணம், சிரியஸ் சிறையிலிருந்து தப்பிய செய்தி. நம்பத்தகாதவர் அருகில் இருந்தால் சுழன்று ஒலியெழுப்பும் ஒரு சிறு கருவியை ரான் ஹாரிக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்புகிறான். இரவு உணவின்போது அது ஒளிர்ந்துகொண்டே இருந்ததால் இது சுற்றுலாப் பயணிகளை ஏமாற்றும் மலிவுப் பொருள் என்று அண்ணன் பில் சொன்னதாகவும், தன் கிண்ணத்தில் இரட்டையர்கள் வண்டுகளைப் போட்டிருந்தது பில்லுக்குத் தெரியாது என்றும் கடிதத்தில் எழுதுகிறான். இரயிலில் அது மறுபடி ஒலிக்கும்போது, ஆந்தையின் காலில் இதைக் கட்டிக்கொண்டிருந்தபோதும் இப்படித்தான் கத்தியது என்கிறான் ரான். அப்போது நீ செய்யக்கூடாத காரியம் எதையாவது செய்துகொண்டிருந்தாயா என்று ஹெர்மயனி கேட்க, அந்த ஆந்தையைப் பயன்படுத்த எனக்கு அனுமதியில்லைதான் என்று ஒப்புக்கொள்கிறான். ஒவ்வொரு முறையும் நம்பும்படியான, சிரிக்கும்படியான ஒரு காரணம் கையோடு தரப்படுகிறது. எலி மட்டும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருந்திருக்கக்கூடும். பன்னிரண்டு ஆண்டுகளாக எலி உருவில் ஒளிந்திருந்த, ஹாரியின் பெற்றோரைக் காட்டிக்கொடுத்த பீட்டர் பெட்டிக்ரூதான் அது என்ற உண்மை தெரிந்தபின், அந்தக் கருவியைக் குறைசொன்ன அனைவர்மேலும் நமக்குச் சிறு எரிச்சல் வருகிறது.

ஆட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நான்காம் நூலில் (2000), ஆட்டின்மேல் தகாத மந்திரம் செய்ததற்காகத் தம் தம்பி ஆபர்ஃபோர்த்மேல் வழக்கு வந்தது என்று பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோர், மனமுடைந்த ஊழியர் ஹேக்ரிடுக்கு ஆறுதலாகச் சொல்கிறார். ஐந்தாம் நூலில் ஹாரி நுழையும் மதுக்கடையில் ஆட்டு வாடை அடிக்கிறது. நரைத்த தாடியுள்ள கடைக்காரர் எங்கோ பார்த்த முகமாகத் தெரிகிறார். ஏழாம் நூல் வரை இதை யாரும் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இல்லை.

நான்காம் நூலின் இறுதியில் டம்பிள்டோரின் கண்களில் ஒரு கணம் தோன்றி மறையும் வெற்றிக் களிப்பை இந்த வரிசையில் சேர்க்கக் கூடாது. ஹாரியின் குருதியை வால்டமார்ட் எடுத்துக்கொண்டான் என்று கேட்டவுடன் அவர் ஏன் மகிழ வேண்டும் என்ற கேள்வி முதல் வாசிப்பிலேயே எழுந்துவிடுகிறது. அது ஒளிவில்லாத புதிர்; ஆசிரியர் கேள்வியைக் கையில் கொடுத்துவிட்டு, அந்தக் குருதியே ஹாரியை உயிரோடு பிணைத்துவைக்கிறது என்ற விடையை 2007 வரை தராமல் வைத்திருந்தார். 2000-க்கும் 2003-க்கும் இடையிலான நீண்ட காத்திருப்பில் வாசகர்கள் தங்களுக்குள் அலசிய கேள்விகளில் இது முதன்மையானது. ஏழு நூல்களையும் ஒரே மூச்சில் வாசிப்பவர்களுக்கு அந்த இடைவெளி வாய்ப்பதில்லை; ஊகம் முளைப்பதற்குள் விடை வந்துவிடுகிறது. இதில் இழப்பு உண்டு என்பதே என் எண்ணம்.

இனி, எல்லை மீறும் இடங்கள். மாணவர்கள் தங்கள் கடிதத்தில் மூன்றாம் நூலின் கிறிஸ்துமஸ் விருந்தைப் பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு பேர் அமர்ந்திருக்கும் மேசைக்குச் சோதிட ஆசிரியை ட்ரெலானி வருகிறார். தாம் அமர்ந்தால் பதின்மூன்று பேராகிவிடும், பதின்மூவர் உண்ணும் பந்தியில் முதலில் எழுபவரே முதலில் இறப்பார் என்று அஞ்சுகிறார். ரானின் சட்டைப்பையில் எலி உருவில் பெட்டிக்ரூ இருந்திருப்பான், ஆகவே அவர் வருவதற்கு முன்பே பதின்மூவர் இருந்தனர், அவரை வரவேற்க முதலில் எழுந்தவர் டம்பிள்டோர், அவரும் இறந்தார் என்று ரசிகர்கள் கணக்குப் போடுகிறார்கள். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆயினும் விருந்துக் காட்சியில் எலியைப் பற்றிய பேச்சே இல்லை. அதைச் சட்டைப்பையில் வைத்தது வாசகரின் கை. பின்வரும் நூல் எதுவும் இந்தப் பந்தியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. இதைத் தவறு என்று தள்ள வேண்டியதில்லை. ஆனால் லாக்கெட்டுக்குப் பக்கத்தில் இதற்கு இடம் தரவும் முடியாது. தொடர் முடிவதற்கு முன்பு, காலத்தில் பின்னோக்கிச் சென்ற ரான்தான் டம்பிள்டோர் என்று சிலர் வாதாடிய கதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. உடல் அடையாளம், தலைமுடி நிறம் என்று அவர்கள் அடுக்கிய சான்றுகளுக்குக் குறைவில்லை. சான்றுகளின் எண்ணிக்கை ஒன்றையும் நிறுவாது என்பதற்கு அதுவே போதிய எடுத்துக்காட்டு.

பிழையும் குறிப்பாகத் தோன்றும். நான்காம் நூலின் தொடக்கப் பதிப்புகளில், வால்டமார்ட்டின் கோலிலிருந்து அவன் கொன்றவர்களின் நிழலுருவங்கள் கடைசியில் இறந்தவரிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக வெளிவரும் காட்சியில், ஹாரியின் தந்தை முதலிலும் தாய் அடுத்தும் வருகிறார்கள். கணவர் இறந்த பிறகே லில்லி கொல்லப்பட்டார் என்பதால் வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். இதில் ஏதோ மறைபொருள் இருக்கிறது என்று நம்பி வாசகர்கள் பலவிதமாக ஊகித்தார்கள். பின்வந்த பதிப்புகளில் வரிசை திருத்தப்பட்டது. அது வெறும் கைப்பிழை. ஆகவே ஒரு முரண்பாட்டைக் கண்டவுடன் திருப்பம் என்று துள்ளுவதற்கு முன், கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தமுக்கம் மைதானப் புத்தகத் திருவிழாவிலோ பழைய புத்தகக் கடையிலோ வாங்கிய படிகளை வைத்து வாசிக்கும் குழுவுக்கு இந்த எச்சரிக்கை கூடுதலாகப் பொருந்தும்.

பிழையைத் திருத்துவதிலிருந்து ஒரு படி மேலே போனவர் ஆங்கில எழுத்தாளர் டோல்கீன். 1937-இல் வெளிவந்த ஹாபிட் நூலின் முதல் பதிப்பில், புதிர்ப் போட்டியில் தோற்றால் மோதிரத்தைக் கதாநாயகன் பில்போவுக்குப் பரிசாகத் தர, கொல்லம் என்ற குகைவாசி தானே முன்வருகிறான். அது காணாமல் போனதும் வருந்தி, பதிலுக்கு வெளியே போகும் வழியைக் காட்டிவிடுகிறான். பிறகு எழுதிய மோதிரங்களின் தலைவன் கதையில் அதே மோதிரம், வைத்திருப்பவரை அடிமையாக்கும் தீய சக்தியாக மாறியதால், பழைய அத்தியாயம் அதற்குப் பொருந்தவில்லை. டோல்கீன் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதினார். மாற்றம் 1951 பதிப்பில் வந்தது. அதோடு நிறுத்தாமல், 1954-இல் வெளிவரத் தொடங்கிய பெருநூலில், முதலில் சொல்லப்பட்ட கதை பில்போ தன் உரிமையை நிலைநாட்டச் சொன்ன பொய் என்றும், நேர்மையான ஒருவனைப் பொய் சொல்லவைத்ததே அந்த மோதிரத்தின் முதல் தீங்கு என்றும் ஆக்கிவிட்டார். பழைய பதிப்பை வைத்திருந்தவர்களின் கையில் இருந்த நூல் ஒரே நாளில் பொய்ச் சாட்சியாகிவிட்டது. முன்கூட்டி வைக்காத குறிப்பை முன்கூட்டி வைத்ததாக மாற்றும் இந்த வித்தையை எண்ணும்போது, திட்டமிட்டாரா இல்லையா என்ற கேள்விக்கு நாம் கொடுக்கும் மதிப்பே சற்று அதிகமோ என்று தோன்றுகிறது.

முற்றுப்பெறாத தொடருக்கு இந்தச் சோதனைகள் எதுவும் செல்லாது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடருக்கு மூலமான ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நூல் தொடர் 1996-இல் தொடங்கியது. ஐந்தாம் நூல் 2011-இல் வந்தது. ஜான் ஸ்னோவின் உண்மையான பெற்றோர் யார் என்பதை முதல் நூலின் குறிப்புகளைக் கொண்டே வாசகர்கள் ஊகித்துவிட்டார்கள், 2016-இல் தொலைக்காட்சித் தொடர் அதை உறுதியும் செய்தது. ஆனால் நூல் வரிசை முடிவுறாத வரையில் எந்த வரி எடுத்துக்கொள்ளப்படும், எது கிடந்தபடியே கிடக்கும் என்று அறுதியிட இயலாது.

மதுரைக்காரர்கள் இந்த விவாதத்தில் ஈடுபடும்போது தங்களுக்கு மிக அருகில் உள்ள ஒரு காப்பியத்தை மறந்துவிடக் கூடாது என்பதற்காக இதையும் சேர்க்கிறேன். சிலப்பதிகாரம் தன் முடிவை மறைப்பதே இல்லை. கதை முழுவதையும் பதிகம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. கண்ணகி தான் கண்ட தீய கனவைத் தேவந்தியிடம் விவரிக்கிறாள். புறஞ்சேரி இறுத்த காதையில், வரப்போகும் துயரத்தை அறிந்த வையை தன் கண்ணீரை மறைக்கப் பூக்களால் உடலைப் போர்த்திக்கொண்டு ஓடுகிறாள். மதுரைக் கோட்டையின் கொடிகள் வரவேண்டாம் என்று கைகாட்டுவன போல அசைகின்றன. ஆறும் கொடியும் அறிந்ததை, அவற்றைக் கடந்து செல்லும் இருவர் மட்டும் அறியவில்லை. கேட்போருக்கு எல்லாம் தெரியும் என்ற துணிவில் எழுதப்பட்ட காட்சி அது. நம் பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் நாடகத்துக்கு முடிவு தெரியாமல் போய் உட்காருபவர் யார்? வேலன் வேடனாக வருவதை அறிந்தே, வள்ளி அதை எப்போது அறிவாள் என்று பார்க்கப் போகிறோம். ஹாரி பாட்டரை இரண்டாம் முறை வாசிப்பவர் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் அமர்கிறார். முதல் வாசிப்பில் ஹாரியோடு சேர்ந்து ஏமாந்தவர், இப்போது மகுடத்தைக் கையில் எடுக்கும் சிறுவனைக் கரையிலிருந்து பார்க்கிறார். வேறுபாடு ஒன்றே: இளங்கோவடிகள் முதல்முறை கேட்பவருக்கே அந்த இடத்தைத் தருகிறார், ரௌலிங் அதைத் திரும்பி வருபவருக்காக ஒதுக்கி வைத்திருக்கிறார்.

செயல்முறையாக ஒன்றிரண்டு சொல்கிறேன். விவாதத்தில் ஒரு குறிப்பை முன்வைப்பவர், அது இருக்கும் வாக்கியத்தை முழுமையாகப் படித்துக் காட்ட வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். நினைவிலிருந்து சொல்லப்படும் குறிப்புகளில் பாதி, வாக்கியத்தைப் பார்த்ததும் கரைந்துவிடும். அதை எடுத்துக்கொள்ளும் பிந்தைய நூலின் இடத்தையும் அவரே காட்ட வேண்டும். காட்ட முடியாதவற்றைத் தனிக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, இன்பத்துக்காகப் பேசுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். இன்னொன்று, இது சற்று விந்தையாகத் தோன்றலாம்: தொடரை இதுவரை வாசிக்காத, படமும் பார்க்காத ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் தெரிந்துவிட்ட நமக்கு, ஒரு வாக்கியம் முதலில் என்ன வேலை செய்தது என்பதை உண்மையாக நினைவுகூரும் ஆற்றல் போய்விடுகிறது. லாக்கெட் என்ற சொல்லைக் கண்டாலே நாம் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறோம். அவர் ஒவ்வோர் அத்தியாயத்தையும் முடித்ததும் எதற்குச் சிரித்தார், யாரை ஐயப்பட்டார், எந்த வரியைக் கவனிக்கவே இல்லை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்போது உங்கள் முகம் எதையும் காட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.